வீட்டுக்காரம்மாவின் குட்டிகள்

நவம்பர் 11, திங்கள்

காலை முழுவதும் மழையில் மலை. பூட்ஸுக்குள் தண்ணீர் போய் கால் ஊறிவிட்டது. எலிகள் தின்னும் ஷீ மரக் கொட்டைகள் இந்த வருஷம் நன்றாக உதிர்ந்திருக்கின்றன. பாதை முழுவதும் காலடியில் நொறுங்குகின்றன. கூட வேலை பார்க்கும் இகாரி முன்னால் கோலால் புதரைத் தட்டிக்கொண்டே போனான். முன்பு ஹபு என்னும் விஷப்பாம்பு பிடித்து விற்றவன். இன்றைக்கும் அவன் கண்ணுக்கு ஒவ்வொரு வேரும் பாம்புதான்.

சாயங்காலம் எங்கள் வனவிலங்குப் பாதுகாப்பு ஆபீஸில், காட்டில் கட்டிவைத்த கேமராக்களின் அட்டைகளைப் போட்டுப் பார்த்தோம். ஏழாம் கேமராவில் வீட்டுக்காரம்மா. அந்தப் பேர் இகாரி வைத்தது. வளைக்குள் போகும்போதெல்லாம் காய்ந்த இலைகளை இழுத்து வாசலை அடைத்துவிட்டுத்தான் போகும், முதுகெல்லாம் முள்போல மயிர் உள்ள அந்த முள்முடி எலி. "வாடகைக்கு விட்ட வீட்டம்மா மாதிரி எப்படிப் பூட்டுது பாருங்க அக்கா" என்று ஆரம்பித்தான், அதுவே நிலைத்துவிட்டது.

இன்று அது வெளியே வந்த பிறகும் இலைகள் அசைந்தன. ஒரு மூக்கு. பின்னால் இன்னொரு மூக்கு.

இரண்டு குட்டிகள்!

சயோரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். ஆபீஸுக்குத் தலைவி, முப்பத்திரண்டு வயதுதான், எப்போதும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி இருப்பவள். என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "சுமியே-சான், இன்னொரு தடவை போடுங்க! இன்னொரு தடவை!" எத்தனை தடவை போட்டோமோ. இந்தத் தொகுனோஷிமா தீவின் காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர். ஏழாம் கேமரா இருக்கும் பள்ளத்தில் நான்கு வருஷமாகக் குட்டியே பார்த்ததில்லை.

நவம்பர் 12

என் வீட்டுக்காரர் தத்சுரோவிடம் சொன்னேன். கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "எலி குட்டி போட்டதுக்கா இந்தச் சந்தோஷம்? எங்க தோட்டத்துக்கு வா, தினம் போடுது" என்றார். கரும்பைக் கடிக்கும் எலி வேறு, இது வேறு என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். அவருக்கு எலி என்றால் எலி.

நவம்பர் 19

குட்டிகள் தனியாகவே வெளியே வருகின்றன. ஒன்று துணிச்சல்காரி. ஒரு கொட்டையை உருட்டப் பார்த்து, அது திரும்பி உருண்டு வர, பயந்து நேராக மேலே குதித்தது. முழங்கால் உயரம் இருக்கும். பாம்பு சீறினால் தப்பிப்பதற்கு இவற்றுக்கு இருப்பது அந்தக் குதி ஒன்றுதான். கொட்டைக்கே குதிக்கிறதே! இகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

நவம்பர் 25

எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

ஏழாம் கேமராவில் பூனை. வாயில் முள்முடி எலி ஒன்று தொங்குகிறது, எது என்று தெரியவில்லை. பூனை நின்று கேமராவைப் பார்க்கிறது, அப்புறம் போகிறது.

காட்டுப் பூனையாகிப்போன வீட்டுப் பூனைகளை இதற்கு முன்பும் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கூண்டு வைத்துப் பிடித்துக் கீழே காப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் இந்தப் பூனைக்கு முன்கால் ஒன்று வெள்ளை. வால் நுனி கொக்கியாக இடது பக்கம் மடிந்திருக்கிறது.

மிசோ.

என் நாகிசாவின் மிசோ.

பள்ளிக்கூடம் படிக்கும்போது கரும்புக் காட்டிலிருந்து சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். கைப்பிடி அளவு இருந்தது. "அம்மா, இது மிசோ விழுது கலர்ல இருக்கு, அதனால மிசோ" என்றாள். வேலைக்குக் ககோஷிமா நகரத்துக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப் போனாள். ஒவ்வொரு போனிலும் முதலில் மிசோ, அப்புறம்தான் அப்பா, அப்புறம்தான் நான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து அவளைச் சாம்பலாகக் கப்பலில் கொண்டுவந்தோம். அன்றைக்கு வீடு நிறையக் கூட்டம். யாரோ பின்கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். மிசோ போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் தத்சுரோ பின்வாசலில் ஒரு தட்டில் காய்ந்த மீன் வைக்கிறார். காலையில் எறும்பு மொய்த்திருக்கும். கழுவிவிட்டு மறுபடி வைப்பார்.

இகாரியும் படத்தைப் பார்த்தான். நாகிசாவை அவன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரிந்தவன், அவனுக்குத் தெரியாதா. போய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என் முன்னால் வைத்தான்.

நவம்பர் 26

பள்ளத்தில் கூண்டுகள் வைத்தோம். சயோரியிடம், "இது எங்க வீட்டுப் பூனையா இருந்தது" என்று சொன்னேன். கூண்டுப் பட்டியலில் அதைக் குறித்துக்கொண்டே சொன்னாள்: "கிடைச்சா உங்ககிட்டதான் முதல்ல சொல்வோம், சுமியே-சான். வீட்டுக்குக் கொண்டுபோங்க. ஆனா வெளியே விடக் கூடாது, எப்பவும்." சரி என்றேன்.

தத்சுரோவிடம் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம்.

நவம்பர் 28

வீட்டுக்காரம்மா செத்துக் கிடந்தது. வளைக்குப் பக்கத்தில்தான். முதுகு முள்மயிர் ஈரத்தில் படிந்து, சாதாரண எலி மாதிரி ஆகியிருந்தது. கழுத்தில் இரண்டு பல் தடம். தின்னவில்லை. சும்மா போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கையில் எடுத்தபோது எடையே இல்லை. பையில் போட்டு, தேதி எழுதி, இடம் எழுதினேன். எழுதும்போது ஒன்றும் இல்லை. வளை வாசலைப் பார்த்தபோதுதான். இலைகள் அடைத்தபடியே இருந்தன. உள்ளே குட்டிகள் இருக்கின்றன என்று அர்த்தம். வெளியே போகும்போதும் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இகாரி, "எழுந்திருங்க அக்கா, தரையில பாம்பு இருக்கும்" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. என் பக்கத்தில் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

நவம்பர் 30

குட்டிகள் உயிரோடு இருக்கின்றன. கேமராவில் இரண்டும் வந்தன. கொட்டை தின்னத் தெரிகிறது. உள்ளே போகும்போது இலை இழுக்கத் தெரியவில்லை. வாசல் திறந்தே கிடக்கிறது.

கூண்டுகள் காலி.

டிசம்பர் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார், முதுகைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. "மிசோ மலையில இருக்குங்க."

தட்டு கையிலேயே நின்றது. "நீ பார்த்தியா?"

"கேமராவுல."

"நல்லா இருக்கா? இளைச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பல் தெரிய, நெற்றியெல்லாம் சுருங்க, கண்ணிலிருந்து தண்ணீர் ஓட. "பய உயிரோட இருக்கான். நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?" எழுந்துபோய் நாகிசாவின் படத்துக்கு முன்னால் மணியை அடித்து, அவளிடமும் சொன்னார். உன் பய உயிரோட இருக்கான்டி.

வாயில் என்ன வைத்திருந்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

டிசம்பர் 4

தினம் கேட்கிறார். கூண்டுல விழுந்துச்சா? என்ன மீன் வச்சீங்க? அவனுக்குப் பொரிச்ச கோழின்னா உயிரு, அதை வை. நான் கூப்பிட்டா வருவான், என்னையும் கூட்டிட்டுப் போ. அந்தப் பள்ளத்துக்கு வெளியாட்கள் வரக் கூடாது என்றேன். "நான் வெளியாளா?" என்றார்.

டிசம்பர் 6

பெரிய சண்டை. எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை.

வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். கழுத்தில் பல் பட்டிருந்ததை, குட்டிகள் தனியாகக் கிடப்பதை. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

அவர் சாப்ஸ்டிக்ஸைக் கீழே வைத்தார். "பூனைன்னா எலியைப் பிடிக்கும். அது செய்யறதை அது செய்யுது. இதுக்குப் போயி இவ்வளவு அழுகையா?" அப்புறம் மெதுவாக, என்னைப் பார்க்காமல்: "நம்ம பொண்ணு போனப்ப நீ இப்படி அழுதியா?"

அன்றைக்கு நூறு பேருக்கு யார் சமைத்தது? கப்பலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யார் வந்தது? அவர் மேல்தளத்தில் போய் நின்றுகொண்டார், நான் உட்கார்ந்திருந்தேன். நானும் அழ ஆரம்பிச்சிருந்தா இந்த வீட்ல யாரு எழுந்திருச்சிருப்பா? யாரு அரிசி களைஞ்சிருப்பா? கேட்கிறாரே!

கேட்கவில்லை நான் எதையும். பாத்திரம் தேய்த்தேன்.

டிசம்பர் 7

பேசவில்லை.

டிசம்பர் 8

பேசவில்லை. பின்வாசலில் தட்டு இல்லை. இன்றைக்குத்தான் கவனித்தேன்.

டிசம்பர் 10

தட்டு எங்கே போனது என்று தெரிந்துவிட்டது.

ஏழாம் கேமரா. நேற்றைய தேதி, பொழுது சாயும் நேரம். தத்சுரோ. தோட்டத்துத் தொப்பியோடு, வளைக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் நம் வீட்டுத் தட்டு. ஐந்தாறு அடி தள்ளி மிசோ, தரையோடு பதுங்கி, காதை மடக்கி. அவர் வாய் அசைகிறது, பேசிக்கொண்டே இருக்கிறார். கேமராவில் சத்தம் கிடையாது. என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை. ஆனால் கையை வைத்து ஏதோ அளவு காட்டுகிறார், கைப்பிடி அளவு. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் மிசோ வந்து தின்கிறது. அவர் அசையவே இல்லை. அவர் முகத்தை — அந்த முகத்தை நான் என்ன செய்ய?

இகாரி பக்கத்தில் இருந்தான். "நான் கண்ணாடி கொண்டுவரல அக்கா. எனக்கு ஒன்னும் தெரியல" என்றான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது.

காட்டில் தீனி வைப்பது குற்றம். குற்றத்தை விடு. அங்கே தீனி கிடைத்தால் பூனை அங்கேயே கிடக்கும், கூண்டுக்குள் ஏன் வரும்? குட்டிகளின் வாசலிலேயே கிடக்கும். சயோரியிடம் சொல்ல வேண்டும்.

நாளை சொல்கிறேன்.

டிசம்பர் 11

வீட்டுக்கு வந்தால் அவர் குளித்துக்கொண்டே பாடுகிறார். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். பன்றிக்கறி நல்லா வெந்திருக்கு என்றார். சண்டைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்கும் ஒரு வாய் கருஞ்சர்க்கரைச் சாராயம் ஊற்றினார்.

சொல்லவில்லை. ஆபீஸிலும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் அவர் இப்படி இருக்கட்டுமே. ஒரே ஒரு நாள்.

டிசம்பர் 12

மிசோ வீட்டில் இருக்கிறது.

இருட்டும் நேரம் வந்தார். அவர் கோட்டுக்குள் ஏதோ அசைந்தது. நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். கையெல்லாம் கீறல்.

"எப்படிங்க வந்துச்சு?" என்றேன்.

கோட்டைக் கழற்றிப் போட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. இத்தனை நாள் தேடியது கிடைத்தவர் மாதிரியே இல்லை. கைகழுவினார். மறுபடி கழுவினார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். குளியலறையில் அது கதவைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது.

என்ன ஆயிற்று இந்த மனிதருக்கு?

டிசம்பர் 13

இப்போது தெரியும்.

அட்டையை எடுக்க நானும் இகாரியும் போனோம். வளைக்கு முன்னால் தரையில் கிடந்தது. துணிச்சல்காரி. இவ்வளவு சின்னது. முதுகு முள் இன்னும் முழுசாக விறைக்கவில்லை, தடவினால் குழந்தை முடி மாதிரி.

படம் நேற்றையது. அவர் உட்கார்ந்திருக்கிறார். மிசோ தட்டைக் காலி செய்துவிட்டு முகம் துடைத்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து, திறந்து கிடந்த வாசலிலிருந்து குட்டி வருகிறது. மிசோவைப் பார்க்கிறது. குதிக்கிறது. நேராக மேலே. பாம்பென்றால் அடித்த அடி தவறிப் போயிருக்கும். பூனை என்ன செய்தது தெரியுமா? எதுவும் செய்யவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கீழே விழும் வரைக்கும் காத்திருந்தது. குட்டி மறுபடி குதித்தது. மறுபடி. அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. ஒவ்வொரு தடவையும் உயரம் குறைந்துகொண்டே வந்தது.

அவர் எழுந்து கையை வீசிக்கொண்டு ஓடிவருகிறார். அதற்குள் முடிந்துவிட்டது.

அப்புறம் மிசோ அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவர் காலடியில் வைத்தது. வைத்துவிட்டு அவர் காலில் உரசியது. வாலைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, நாகிசா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் செய்யுமே, அதே மாதிரி.

அவர் அப்படியே நிற்கிறார். ரொம்ப நேரம் நிற்கிறார். அப்புறம் குனிந்து மிசோவைத் தூக்கிக் கோட்டுக்குள் வைக்கிறார்.

சயோரியின் அறைக்குப் போனேன். படத்தைப் போட்டுக் காட்டினேன். "இது என் வீட்டுக்காரர். பத்தாம் தேதியே எனக்குத் தெரியும். நான் சொல்லல." சயோரி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "இன்னொரு குட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது.

நான் பத்தாம் தேதி சொல்லியிருந்தால். பதினொன்றாம் தேதி சொல்லியிருந்தாலும். அவர் ஒரு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டாரே என்று — அதுக்காகவா? அதுக்காகத்தானே!

டிசம்பர் 14

இன்று அவரே பேசினார். அடுப்பங்கரையில், நான் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று.

"பசிக்காகன்னா கூடப் பரவால்ல சுமியே. வயிறு நிறைஞ்சிருந்துச்சு. நான்தான் நிறைச்சேன்."

நான் திரும்பவில்லை.

"எனக்குப் பரிசு கொண்டாந்து வச்சுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு முதல் தடவையா வந்து உரசுது. நான் என்ன பண்ணுவேன்? அடிக்கவா? கொஞ்சவா?" குரல் உடைந்துவிட்டது. "அந்தச் சின்னது எப்படிக் குதிச்சுது தெரியுமா? குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரியில நம்ம பொண்ணு மூச்சுக்கு… அப்படியே…"

கத்தியை வைத்துவிட்டேன். அவர் தோளில் முகத்தை வைத்தேன், அவ்வளவுதான். ரெண்டு வருஷமா எங்க இருந்துச்சோ அத்தனையும் வந்துடுச்சு. அவரும் அழுதார். முள்ளங்கி பாதியில் கிடந்தது. குளியலறையில் மிசோ கத்திக்கொண்டிருந்தது.

டிசம்பர் 17

மிசோவைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். கழுத்தில் பதித்திருந்த சிப்பைக் கருவி வைத்துப் படித்தார்கள். அந்த உதவியாளப் பெண் புதிது, எங்களைத் தெரியாது. "ஓனர் பேரு நாகிசா. அவங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"வரல" என்றார் தத்சுரோ. கொஞ்சம் கழித்து, "என் பேருக்கு மாத்திடுங்க" என்றார்.

நிதானமாகத்தான் எழுதிக் கொடுத்தார். வண்டிக்கு வந்த பிறகுதான் சாவியைத் துளையில் போட முடியாமல் தடுமாறினார். நான் ஓட்டினேன்.

ஜனவரி 2

புத்தாண்டு. யார் வீட்டுக்கும் போகவில்லை. தத்சுரோ எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கம்பி வலை அடித்துவிட்டார். மிசோ இப்போது நாகிசாவின் அறையில். பகலெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறது. நேற்று என் மடியில் வந்து படுத்தது. கனமாக, சூடாக. தள்ளிவிடவும் மனசில்லை, தடவவும் கை வரவில்லை. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தடவினேன்.

ஜனவரி 21

ஏழாம் கேமரா: ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9

கரும்பு வெட்டு. நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மதியம் வரப்பில் உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிடும்போது, "அந்த இன்னொரு குட்டி வந்துச்சா?" என்று கேட்டார். தினம் கேட்கிறார். முன்பு மிசோவைக் கேட்டது மாதிரியே.

இல்லை என்றேன். அவர் மீதி உருண்டையை மடித்து வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

மார்ச் 15

இல்லை.

ஏப்ரல் 23

கேமராவைக் கழற்றிவிட்டோம். நான்கு மாதமாக அந்தப் பள்ளத்தில் ஒரு முள்முடி எலிகூட இல்லை. கிழக்குச் சரிவில் இன்னும் இருக்கின்றன, அங்கே கேமரா குறைவு. இதை அங்கே மாற்றலாம் என்று சயோரி நியாயமாகத்தான் முடிவெடுத்தாள். வரைபடத்தில் அந்தப் பள்ளத்துக்கு, எலி இல்லாத இடம் என்று, சாம்பல் நிறம் பூசினாள். பூசிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க சுமியே-சான்" என்றாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மரத்திலிருந்து கேமராவின் வார்ப்பட்டையை அவிழ்த்தது இகாரி. நான் வளைப் பக்கம் போகவில்லை. மேட்டிலேயே நின்றுகொண்டேன். அவன் மட்டும் கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றி, அங்கே நின்று ஏதோ சொன்னான். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "வீட்டைக் காலி பண்ணிட்டோம்னு சொன்னேன்" என்றான். எப்போதும் போலச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

மே 18, ஞாயிறு

கரும்பு முடிந்ததிலிருந்து தத்சுரோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் வீடு வீடாகப் போகிறார். பூனையை வெளியே விடாதீர்கள், சிப் வையுங்கள், கம்பி வலை அடிக்க ஆள் இல்லையென்றால் நான் வந்து அடித்துத் தருகிறேன் என்று. ஆபீஸ் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் வண்டி ஓட்டுகிறேன், இறங்குவதில்லை. ஊரில் அவருக்குப் 'பூனை போலீஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். போன வாரம் மாட்டுச் சண்டைத் திடலில் பையன்கள் அவரைப் பார்த்து மியாவ் என்று கத்தினார்களாம். அவரே வந்து சொன்னார்.

இன்று துறைமுகத்துத் தெருவில் யாசுயோ வீடு. மீன்காரி, வாய் நீளம். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு வெள்ளைப் பூனை.

"வாங்க போலீஸ்கார அண்ணே! கரும்புக் காட்டுல எலிக்கு விஷம் வச்ச ஆளு, இப்ப எலிக்கு வக்கீலா வந்துட்டீங்களா?"

"அது வேற எலி, யாசுயோ."

"எலியில என்ன வேற? அக்கா சொல்லிக் குடுத்தாங்களா?" என்னைப் பார்த்துக் கையாட்டினாள். "எங்க பூனை மடியை விட்டு இறங்காது அண்ணே. ஒரு புழுவைக்கூடத் தொடாது. போங்க, வேற வீட்டைப் பாருங்க."

அவர் போய்விடுவார் என்று வண்டியைக் கிளப்பினேன். அவர் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"எங்க பூனையும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். தட்டு, மரம், அந்தக் குட்டி, அது குதித்தது, எத்தனை தடவை குதித்தது, தன் காலடியில் கொண்டுவந்து வைத்தது. என்னிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை. யாசுயோவின் கை வலையில் நின்றுவிட்டது. ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை, அவள்!

முடித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"யோசிக்கிறாளாம்."

அடுத்த வீடு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். வண்டியை எடுத்தேன்.